தவளைத் தோல் ஒரு பேட்டரி

தவளை தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். கெடுவது வாயால்தான், சரி. ஆனால் அது தண்ணீர் குடிப்பது வாயால் இல்லை. ஈரமான மண்ணில் போய் வயிற்றை அழுத்தி உட்கார்ந்துகொள்ளும். அடிவயிறும் தொடையின் உட்புறமும் சேருகிற இடத்தில் தோல் மெல்லியதாக இருக்கும், ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். அந்த இடம் வழியாகவே தண்ணீர் உள்ளே போய்விடும். 1790களிலேயே ராபர்ட் டவுன்சன் என்பவர் தவளைகளை வளர்த்துப் பார்த்து இதை எழுதி வைத்துவிட்டார்.

தண்ணீர் தோல் வழியாகப் போகுது, ஓகே. அப்போ உப்பு? சோடியம், குளோரைடு, கால்சியம் மாதிரியான தாதுக்கள்? நமக்கு எல்லாமே சாப்பாட்டில் வருகிறது. தவளைக்கும் பூச்சி சாப்பிடும்போது கொஞ்சம் வரும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் குளத்தடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் தவளைகள் இருக்கின்றன. அவையும் உப்பை இழந்து சாவதில்லை. காரணம், அந்தத் தோல் தண்ணீரில் இருந்து உப்பைப் பிடித்து இழுக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீரில் இருந்து!

இது எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பயாலஜியை பன்னிரண்டாம் வகுப்போடு மூட்டை கட்டியவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் பாதி வோல்டேஜும் கரண்டும்தான். ஈ.சி.ஈ, ஈ.ஈ.ஈ ஆட்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி இருக்கும்.

முதலில் பிரச்சினை என்னன்னு பார்ப்போம்

தவளையின் ரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் சோடியம் இருக்கும். கிராமில் சொன்னால் 2.3 கிராம். நல்ல தண்ணீர்க் குளத்தில் பெரும்பாலும் 1 மில்லிமோல், அல்லது அதற்கும் குறைவு. அதாவது லிட்டருக்கு 23 மில்லிகிராம். உள்ளே 100, வெளியே 1. இந்த நூறு மடங்கு வித்தியாசத்தோடுதான் தவளை வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது.

இதனால் இரண்டு தொல்லைகள். ஒன்று, சவ்வூடு பரவல். உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும். ஆகவே தவளையின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் உடம்பு ஊதிவிடும். எனவே சிறுநீரகம் ஓவர்டைம் பார்க்கிறது. தண்ணீரில் இருக்கும் தவளை ஒரே நாளில் தன் எடையில் கால் பங்குக்கு மேல்கூட சிறுநீராக வெளியேற்றும். 60 கிலோ ஆள் ஒருவர் தினமும் 15 லிட்டர் சிறுநீர் கழித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது தொல்லை, அந்தச் சிறுநீரோடு கொஞ்சம் உப்பும் போகும். சிறுநீரகம் முடிந்த அளவு உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆனாலும் முழுசா முடியாது. தோல் வழியாகவும் உப்பு மெல்ல வெளியே கசியும். ஓட்டை விழுந்த பரிசலில் உட்கார்ந்து தண்ணீரை மொண்டு ஊற்றுகிற நிலைமை. ஒவ்வொரு முறை மொண்டு ஊற்றும்போதும் கையில் இருக்கும் சாமானும் கொஞ்சம் ஆற்றோடு போகிறது. போனதைத் திரும்பப் பிடிக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும்.

பரவல் மூலம் உப்பு தானாக உள்ளே வராது. நூறு உள்ள இடத்தில் இருந்து ஒன்று உள்ள இடத்துக்குத்தான் அது போகும். எதிர்த்திசையில் கொண்டுவர வேண்டும் என்றால் மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும்.

1848: தோலில் வோல்டேஜ்

அந்த மோட்டார் இருப்பதற்கான முதல் தடயம் 1848இல் கிடைத்தது. ஜெர்மனியில் எமில் டு புவா-ரேமோன் என்ற உடலியல் அறிஞர் தவளையின் தோலுக்கு வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பதைக் கண்டார். உள்பக்கம் பாசிட்டிவ், வெளிப்பக்கம் நெகட்டிவ். உடம்பில் இருந்து பிரித்து எடுத்த வெறும் தோலிலேயே 50 முதல் 100 மில்லிவோல்ட் வரை கிடைக்கும், அதுவும் மணிக்கணக்கில். உயிரோடு இருக்கும் ஒரு தாள், அதன் இரண்டு பக்கமும் பேட்டரியின் இரண்டு முனைகள்.

ஏன் இந்த வோல்டேஜ் என்று யாருக்கும் புரியவில்லை. 1904இல் கலியோட்டி என்ற இத்தாலியர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். தோலை நனைக்கும் கரைசலில் சோடியமோ லித்தியமோ இருந்தால்தான் வோல்டேஜ் வருகிறது. வேறு உப்பை மட்டும் வைத்தால் பேட்டரி படுத்துவிடுகிறது. சோடியத்துக்கும் இந்த வோல்டேஜுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சோடியம் தோலுக்குள் ஒரே திசையில் போகிறது என்ற அவருடைய எண்ணத்தை அந்தக் காலத்தில் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை.

கோப்பன்ஹேகனில் ஒரு பட்டினித் தவளை

அடுத்தது டென்மார்க். ஆகஸ்ட் குரோ, 1920இல் நோபல் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசு ரத்த நுண்குழாய்கள் பற்றிய வேலைக்கு. அதன் பிறகு அவர் நன்னீர் விலங்குகளின் உப்புக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தார்.

அவர் செய்தது ரொம்ப சிம்பிள். தவளைகளை உப்பே இல்லாத வாலை வடிநீரில் நாள்கணக்கில் வைத்து, உடம்பில் இருந்து உப்பை இழக்க விட்டார். அப்புறம் மிக மிகக் குறைவான உப்புள்ள தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீரில் உப்பின் அளவு எப்படி மாறுகிறது என்று அளந்தார். தண்ணீரில் இருந்த உப்பு குறைந்துகொண்டே போனது! லிட்டருக்கு 0.01 மில்லிமோல் அளவுக்குக் குறைந்த கரைசலில் இருந்துகூட தவளை குளோரைடை இழுத்துக்கொண்டது. ரத்தத்தோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு குறைவு. 1937இல் இதை வெளியிட்டார். தவளை தன் தோல் வழியாக, ஆற்றலைச் செலவழித்து, உப்பை உறிஞ்சுகிறது என்பது அன்று உறுதியானது.

உசிங்: ஷார்ட் சர்க்யூட் வைத்து உண்மையைப் பிடித்தவர்

குரோவின் கூடத்தில் வேலை பார்த்தவர் ஹான்ஸ் உசிங். இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர். ஷார்ட் சர்க்யூட் என்றாலே நாம் ஃபியூஸ் போகும் என்று பயப்படுவோம். அவர் அதையே அளவுகோலாக மாற்றினார்.

செட்டப் இப்படி. இரண்டு அறைகள், நடுவில் தடுப்புச்சுவர் மாதிரி ஒரு துண்டுத் தவளைத் தோல். இரண்டு அறையிலும் ஒரே உப்புக் கரைசல், ஒரே அளவு. ஆகவே அடர்த்தி வித்தியாசம் பூஜ்யம். மிச்சம் இருப்பது தோல் தானாக உண்டாக்கும் வோல்டேஜ். வெளியே இருந்து ஒரு சர்க்யூட் மூலம் கரண்ட் கொடுத்து அந்த வோல்டேஜையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பிடித்து வைத்தார்.

இப்போது யோசியுங்கள். அடர்த்தி வித்தியாசம் இல்லை. மின்னழுத்தம் இல்லை. அயனி ஒரு பக்கமாக நகர வெளியில் எந்தக் காரணமும் கிடையாது. தோல் வெறும் ஓட்டைத் தாளாக இருந்தால் கரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் அந்தக் கரண்டைத் தோலே தயாரிக்கிறது, தன் சொந்த ஆற்றலைச் செலவழித்து.

எந்த அயனி? இதற்கு அவர் கதிரியக்க சோடியத்தைப் பயன்படுத்தினார். சோடியம்-22, சோடியம்-24 என்ற இரண்டு ஐசோடோப்புகள். ஒன்றை வைத்து உள்ளே போகும் சோடியத்தையும் இன்னொன்றை வைத்து வெளியே வரும் சோடியத்தையும் எண்ணலாம். கழித்துப் பார்த்தால் நிகர அளவு. அந்த நிகர சோடியமும் ஆம்மீட்டர் காட்டிய கரண்டும் பொருந்திப்போயின. 1951இல் உசிங்கும் செரானும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இது. இந்தக் கருவிக்கு இன்றும் உசிங் சேம்பர் என்றுதான் பெயர்.

ஆப்-ஆம்ப் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விர்ச்சுவல் கிரவுண்டில் ஒரு முனையைப் பூஜ்ய வோல்ட்டில் பிடித்து வைத்து, வரும் கரண்டை அளக்கிறோமே, அதே ஐடியா.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 50 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். தவளைத் தோலுக்கு இது சாதாரணமான அளவுதான். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. பெருக்கினால் 0.18 கூலும். ஒரு மோல் சோடியம் சுமக்கும் மின்னூட்டம் 96,485 கூலும், அதாவது ஃபாரடே மாறிலி. வகுத்தால் சுமார் 1.9 மைக்ரோமோல். எடையில் 43 மைக்ரோகிராம் சோடியம். கண்ணுக்குத் தெரியாத அயனிகளை ஒரு ஆம்மீட்டரை வைத்து எண்ணிவிட்டோம். கெமிஸ்ட்ரி லேபில் நாள் முழுக்க டைட்ரேஷன் செய்து கண்டுபிடிக்க வேண்டியதை ஒரு முள் நொடியில் காட்டுகிறது. உசிங்கின் முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுதான் காரணம்.

இரண்டு கதவு, ஒரு பம்ப்

சரி, தோலுக்குள் என்னதான் நடக்கிறது? 1958இல் கோஃபோட்-யொன்சனும் உசிங்கும் ஒரு மாடல் கொடுத்தார்கள். தோல் செல்லுக்கு இரண்டு முகம். வெளிமுகம் தண்ணீரைப் பார்க்கிறது, உள்முகம் ரத்தத்தைப் பார்க்கிறது. இரண்டு முகமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விஷயமே.

உள்முகத்தில் பம்ப். செல்லுக்குள் இருக்கும் சோடியத்தை ரத்தப் பக்கம் தள்ளும், பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, அதற்குச் செலவு ஒரு ஏ.டி.பி. இந்தப் பம்ப் என்சைமை 1957இல் நண்டின் கால் நரம்பில் கண்டறிந்தவர் இன்னொரு டென்மார்க்காரர், யென்ஸ் ஸ்கோ. அதற்காக 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெளிமுகத்தில் பம்ப் கிடையாது. அங்கே இருப்பது சோடியத்துக்கு மட்டும் வழிவிடும் ஒரு சின்னத் துளை. இதை 1993இலும் 1994இலும் ஜீன் அளவில் பிரித்தெடுத்தார்கள். ஈ-நாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பம்ப் ஓயாமல் சோடியத்தை வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, செல்லின் உள்பக்கம் நெகட்டிவ் வேறு. ஆக, வெளிக்கதவைத் திறந்தால் போதும், பாசிட்டிவ் ஆன சோடியம் தானாக உள்ளே விழும். ஒரு பக்கம் விழுகிறது, மறுபக்கம் பம்ப் தள்ளுகிறது. கீழ்த் தொட்டியில் விழுந்த தண்ணீரை மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுகிறோமே, அதே ஏற்பாடு.

1960களில் வந்த அமிலோரைடு என்ற மருந்தை வெளிப்பக்கக் கரைசலில் கொஞ்சம் சேர்த்தால், சில நொடிகளில் கரண்ட் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். வெளிக்கதவில் ஆப்பு வைத்த மாதிரி. மாடல் சரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டாம்.

இங்கே ஒரு இடறல் இருக்கு

கவனமாகப் படிப்பவர்கள் இந்நேரம் ஒரு கேள்வி கேட்டிருப்பீர்கள். உசிங்கின் அறையில் வெளிப்பக்கம் 100 மில்லிமோலுக்கு மேல் சோடியம் இருந்தது. அங்கே உள்ளே விழுவது ஈசி. ஆனால் குளத்தில் 1 மில்லிமோல்கூட இல்லையே? செல்லுக்குள் குறைவு என்றாலும் குளத்தைவிட அதிகம்தானே? அப்புறம் எப்படி விழும்?

ஆற்றல் கணக்கு போட்டால் பிரச்சினை இன்னும் தெளிவாகும். ஒரு மோல் ஏ.டி.பி தோராயமாக 50 கிலோஜூல் தரும். மூன்று மோல் சோடியத்தை 1 மில்லிமோலில் இருந்து 100 மில்லிமோலுக்கு ஏற்றக் குறைந்தபட்சம் 34 கிலோஜூல் தேவை. வோல்டேஜை விட்டுவிட்டு, அடர்த்தியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. சமாளிக்கலாம். வெளியே 0.1 மில்லிமோல் என்றால் தேவை 51 கிலோஜூல். இப்போதே பட்ஜெட் தாண்டிவிட்டது. குரோ பார்த்த 0.01 மில்லிமோல் அளவில் 68 கிலோஜூல். அந்த ஒரு பம்ப்பை மட்டும் வைத்து இது நடக்கவே முடியாது.

ஆகவே வெளிமுகத்திலும் ஒரு ஹெல்ப்பர் இருக்க வேண்டும். இருக்கிறது. தோலில் அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா நிறைந்த சிறப்புச் செல்கள் உண்டு. அவற்றின் வெளிமுகத்தில் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் இன்னொரு பம்ப், அதற்குத் தனியாக ஏ.டி.பி. பாசிட்டிவ் ஆன ஹைட்ரஜன் வெளியே போகப் போக, செல்லின் உள்பக்கம் இன்னும் நெகட்டிவ் ஆகும். பத்து மடங்கு அடர்த்தி வித்தியாசத்தை ஈடுகட்ட 58 மில்லிவோல்ட் போதும் என்பது நெர்ன்ஸ்ட் கணக்கு. அந்த வோல்டேஜின் இழுப்பில், நீர்த்த தண்ணீரில் இருக்கும் சோடியமும் கதவு வழியாக உள்ளே வந்துவிடும். ஒரு சோடியம் உள்ளே, ஒரு ஹைட்ரஜன் வெளியே. குளோரைடுக்கும் இதே மாதிரி ஒரு பண்டமாற்று உண்டு. ஒரு குளோரைடு உள்ளே, ஒரு பைகார்பனேட் வெளியே. தவளை சுவாசிப்பதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜனும் பைகார்பனேட்டும்தானே கிடைக்கும்? கழிவைக் கொடுத்து உப்பு வாங்குகிறது. பேரீச்சம்பழ வியாபாரம்தான்!

இந்த எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்ட்ரோல் லூப்பும் உண்டு. உடம்பில் உப்பு குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். அது வெளிக்கதவுகளை அதிகமாக்கும், பம்ப்பை முடுக்கிவிடும். உப்பு போதும் என்றால் கதவுகள் குறையும். நெகட்டிவ் ஃபீட்பேக்.

கால்சியம்: முதுகில் ஒரு சேமிப்புக் கணக்கு

சோடியம் அளவுக்குக் கால்சியம் வேகமாக வராது. ஆனாலும் தோல் வழியாகக் கொஞ்சம் வருகிறது. தலைப்பிரட்டையாக இருக்கும்போது செவுள்களும் இந்த வேலையைச் செய்யும். கிடைத்ததைத் தவளை சேர்த்து வைக்கும் இடம்தான் சுவாரசியமானது. உட்காதில் இருந்து கிளம்பி முதுகெலும்புக்குள் நீளும் பைகள் உண்டு. அவற்றுக்குள் வெள்ளையாகக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. தலைப்பிரட்டை தவளையாக மாறும் நாட்களில் எலும்புகள் வேகமாக இறுக வேண்டும். அப்போது இந்தச் சுண்ணாம்பைக் கரைத்து எலும்புக்குச் செலவழிக்கிறது.

இன்னொன்று. உள்ளே வோல்டேஜ் உண்டாக்கும் அந்த பேட்டரித் தோல் தலைப்பிரட்டைக்குக் கிடையாது. வால் சுருங்கி, கால் முளைத்து, உருமாற்றம் முடிகிற கட்டத்தில்தான் தோலில் அந்தச் சோடியக் கதவுகள் வேலைக்கு வருகின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே தேவைப்படும்.

இதனால் நமக்கு என்ன?

நியாயமான கேள்வி. ஈ-நாக் கதவு தவளைத் தோலில் மட்டும் இல்லை. நம் சிறுநீரகத்தின் கடைசிப் பகுதியில், பெருங்குடலில், நுரையீரலில் இருக்கிறது. குழந்தை கருவில் இருக்கும்போது நுரையீரலில் திரவம் நிரம்பி இருக்கும். பிறந்தவுடன் சோடியத்தை உள்ளிழுத்து, அதன் பின்னால் தண்ணீரையும் உறிஞ்சி, காற்றுக்கு இடம் பண்ணித் தருவது இந்தக் கதவுதான். 1996இல் எலிகளில் இந்த ஜீனின் ஒரு பகுதியை நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் நுரையீரல் திரவத்தை அகற்ற முடியாமல் பிறந்த இரண்டு நாளுக்குள் இறந்தன. அமிலோரைடு இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. சிறுநீரகத்தில் அதே கதவை அடைத்து வேலை செய்கிறது.

இன்னும் பெரிய விஷயம் ஓ.ஆர்.எஸ். உசிங் தவளைத் தோலுக்கு வைத்திருந்த அதே ஷார்ட் சர்க்யூட் முறையை 1964இல் ஷூல்ட்ஸ், ஸலூஸ்கி என்ற இருவர் முயலின் சிறுகுடலில் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையைச் சேர்த்ததும் கரண்ட் ஏறியது. அதாவது குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலரா வந்த குடலிலும் இந்த வழி கெடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது போங்கானில் இருந்த அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழி கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. ஓ.ஆர்.எஸ் தவளையிலிருந்து நேராக வந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று புரியவைத்த அளவுகோல் தவளைத் தோலில் பிறந்தது.

தோல் கெட்டால் இதயம் நிற்கும்

இப்போது சோகமான பகுதி.

1990களில் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் காடுகளில் தவளைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காடு அழியவில்லை, தண்ணீர் வற்றவில்லை, ஆனால் தவளை இல்லை. 1998இல் காரணம் பிடிபட்டது. கைட்ரிட் வகைப் பூஞ்சை ஒன்று. அடுத்த வருடம் அதற்கு வைத்த பெயர் பேட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ். தண்ணீரில் நீந்தும் வித்துகளாகப் பரவி, தோலின் மேலடுக்கில் தங்கும்.

ஆனால் ஒரு குழப்பம். பூஞ்சை தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. உள்ளுறுப்புகளில் பெரிதாக எந்தச் சேதமும் இல்லை. அப்புறம் எப்படி உயிர் போகிறது? நமக்குக் காலில் சேற்றுப்புண் வந்தால் சாகிறோமா?

இதற்குப் பதில் 2009இல் வந்தது. ஜேமி வாய்ல்ஸ் குழுவினர் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளின் தோலை உசிங் சேம்பரில் வைத்துப் பார்த்தார்கள். நோய் வந்த தோலில் அயனிகளைக் கடத்தும் வேலை பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. ரத்தத்தில் சோடியம் சுமார் 20 சதவீதமும் பொட்டாசியம் சுமார் 50 சதவீதமும் குறைந்திருந்தன. இதயத் துடிப்புக்கு இந்த இரண்டு அயனிகளும் எவ்வளவு முக்கியம் என்று தெரியும்தானே. கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. வாய்வழியாகத் தாது உப்புக் கரைசல் கொடுத்த தவளைகள் கொஞ்சம் கூடுதல் நேரம் உயிரோடு இருந்தன. தவளைக்கு ஓ.ஆர்.எஸ்!

தலைப்பிரட்டைகள் ஏன் சாகவில்லை என்பதும் இப்போது புரியும். இந்தப் பூஞ்சை கெரட்டின் உள்ள இடத்தில்தான் வளரும். தலைப்பிரட்டைக்கு அது வாயைச் சுற்றி மட்டுமே உண்டு. அதன் தோல் பேட்டரி வேலையையும் ஆரம்பிக்கவில்லை. உருமாறித் தோல் பொறுப்பேற்ற பிறகுதான் சாவு வருகிறது. ஒரு குளம் முழுக்கத் தலைப்பிரட்டை நீந்தும், அடுத்த வருடம் கத்துவதற்குத் தவளை இருக்காது.

2019இல் வந்த ஒரு மதிப்பீடு, இந்த நோயால் 501 நீர்நில வாழ் இனங்கள் குறைந்துவிட்டன, அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதலாம் என்கிறது. ஒரே ஒரு கிருமியால் இத்தனை முதுகெலும்பி இனங்கள் போனதற்கு வேறு உதாரணம் பதிவில் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே மட்டும் வாழும் தவளை இனங்கள் ஏராளம் என்பதால் இது லேசாக விடக்கூடிய சேதி இல்லை.

திறந்த கதவில் எல்லாமே நுழையும்

பூஞ்சை மட்டும் இல்லை. தண்ணீரில் அமிலம் கூடினால் சோடியம் உள்ளே வருவது குறையும், வெளியே கசிவது கூடும். ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளித்தானே சோடியத்தை இழுக்கிறது? வெளியே ஏற்கெனவே ஹைட்ரஜன் குவிந்திருந்தால் தள்ளுவது கஷ்டம். செம்பு போன்ற உலோக அயனிகளும் இந்த வழியைக் கெடுக்கும். வயலில் அடிக்கும் பூச்சிமருந்துகளில் பலவும் தோல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகும். நமக்குக் கைமேல் பட்டால் கழுவிவிடுவோம். அதற்குக் கை, வாய், மூக்கு எல்லாமே அந்தத் தோல்தான்.

உப்பும் அப்படியே. மழைக்காலத்தில் ஹாஸ்டல் பாத்ரூமுக்குள் தேரை வந்தால் "உப்பைப் போடு, ஓடிடும்" என்று யாராவது ஒரு பாக்கெட்டோடு வருவார்கள். இப்போது உங்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். ஈரத் தோலில் உப்பு கரைந்தால் அதன் ரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியான கரைசல் அங்கே உண்டாகும். உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே உருவப்படும். சோடியம் அளவில்லாமல் உள்ளே இறங்கும். நூறுக்கு ஒன்று என்ற உலகத்துக்காகவே கட்டப்பட்ட தோல் அது. தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் நண்டு தின்னும் தவளை என்று ஒன்று உண்டு. உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்து உப்புத் தண்ணீரைத் தாங்கும். ஆனால் அது அபூர்வம். பாத்ரூம் தேரைக்கு அந்த வசதி கிடையாது. ஓடுவதாக நமக்குத் தெரிவது, வலியில் துடிப்பது.

செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரு மக்கைக் கவிழ்த்து மூடி, கீழே ஒரு அட்டையை நுழைத்து, வெளியே செடியோரம் விட்டுவிடுங்கள். கையால்தான் எடுக்க வேண்டும் என்றால் கையை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரக் கையோடு எடுங்கள். சானிடைசர், சோப்பு, கொசு விரட்டிக் கிரீம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. விட்ட பிறகு நீங்கள் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், தேரையின் தோலில் சுரக்கும் நஞ்சு கண்ணில் பட்டால் எரியும். மலையேற்றம் போகிறவர்கள் ஒரு ஓடையில் நனைந்த ஷூவை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த ஓடைக்குப் போங்கள். அந்தப் பூஞ்சைக்குக் காய்ச்சல் ஆகாது, ஈரம் இல்லாமல் பிழைக்காது.